டெல்ஃபினா கேட்ட மோட்டார்

என் தம்பி எல்சோவின் மனைவி டெல்ஃபினாவுக்குச் சின்ன உருவம். ஒரு பலமான காற்று அடித்தால் கதவைச் சாத்துவதா அவளைப் பிடித்துக்கொள்வதா என்று யோசிக்க வேண்டும். ஆனால் எங்கள் பள்ளத்தாக்கில் மலைச் சைக்கிள் வழிகாட்டி உரிமம் வாங்கிய ஒரே பெண் அவள்தான். மற்றவர்கள் எல்லாம் ஆண்கள். தங்களைச் சிங்கங்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கும் ஆண்கள்.

கணவாய்க்குக் கொஞ்சம் கீழே இருக்கும் மலைவிடுதி என்னுடையது. இந்தச் சிங்கங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, நான் கிண்டும் சோளக்களியைத் தின்று, பெஞ்செல்லாம் சேற்றை அப்பிவிட்டுப் போவார்கள். அவர்களைப் பற்றி நான் சொல்வதில் காரம் தூக்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் பரவாயில்லை, குறைக்கப் போவதில்லை.

டெல்ஃபினா முன்பெல்லாம் குளிர்காலத்தில் பனிச்சறுக்கு இழுவைக்கம்பியில் வேலை பார்த்தாள். ஒருநாள் தொங்கு நாற்காலி ஒன்று இடித்து அவள் வலது தோளை மூட்டிலிருந்து கழற்றிவிட்டது. மருத்துவர் அதைப் பிடித்துத் திரும்ப மூட்டில் ஏற்றினார். "இது ஒட்ட வைச்ச கோப்பை மாதிரி. காப்பி குடிக்கலாம், கல்லு தூக்கக் கூடாது" என்று சொல்லி அனுப்பினார். அதற்குப் பிறகுதான் மோட்டார் வைத்த சைக்கிள்கள் எங்கள் மலைக்கு வந்தன. அவளுக்குக் கடவுள் நேரில் வந்த மாதிரி இருந்தது. மலையில் பிறந்தவளுக்கு மலையை விட்டால் வேறு என்ன இருக்கிறது? கோடை முழுக்க அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. என் தம்பி குழாய் வேலைக்காரன். குழாய் உடைந்தால் தண்ணீர் தானாக நிற்கட்டும் என்று காத்திருக்கும் ரகம்.

அந்த வசந்தத்தில் அவளுடைய பழைய சைக்கிளின் மோட்டார் உயிரை விட்டது. புதிதாக வாங்க வேண்டும். அதில்தான் வந்தது வினை. எங்கள் காட்டுத் தடத்தில் பாதி வழி ஏறி மிதிப்பது, மீதி வழி சைக்கிள் மனிதன்மேல் ஏறி வருவது. மண்சரிந்த இடம் ஒன்று இருக்கிறது. அங்கே பாறைமேல் பாறையாகக் கிடக்கும். சைக்கிளைத் தோளில் போட்டுத்தான் கடக்க வேண்டும். கனமான சைக்கிள் வாங்கினால் அவள் தோள் போகும். வேறு எதையாவது வாங்கினால் வேலை போகும். ஏன் வேலை போகும் என்பதற்குப் பின்னால் வருகிறேன்.

முதலில் என் தம்பி மூக்கை நுழைத்தான்.

"எதுக்குடி அவ்ளோ செலவு? சக்கரத்துக்குள்ளயே மோட்டார் வைச்சு விக்கிறான். பழைய சைக்கிள்ல மாட்டிவிட்டா முடிஞ்சுது."

கடைக்கார மெக்கானிக் லிவியோ அதைக் கேட்டுச் சிரித்தான். "எல்சோ, அது கடைவீதிக்குப் போய் ரொட்டி வாங்கிட்டு வர்றதுக்கு. இந்த ஏத்தத்துல மெதுவா உருட்டினா உன் சக்கர மோட்டார் பால் மாதிரி பொங்கிடும். பெடல்கிட்ட இருக்கிற மோட்டாரா இருந்தா கியரை மாத்தி மூச்சு விட்டுக்கும். நீ உன் குழாயைப் பாரு."

"நான் சும்மா ஒரு யோசனை சொன்னேன்ப்பா."

"அதான், உன்கிட்ட சும்மா கிடைக்கிறது அது ஒண்ணுதான்."

லிவியோ இரண்டு சைக்கிள்களை வெளியே எடுத்து வைத்தான். ஒன்றில் பெரிய மோட்டார், பெரிய பேட்டரி. இழுவை என்றால் அப்படி ஒரு இழுவை, எருமை மாதிரி. எடையும் எருமை மாதிரிதான். இன்னொன்றில் சின்ன மோட்டார், சின்ன பேட்டரி. எருமையின் இழுவையில் பாதிக்குக் கொஞ்சம் மேல். ஆனால் ஒரு கையில் பிடித்து வேலியைத் தாண்டி வைத்துவிடலாம். டெல்ஃபினா இரண்டையும் பழைய ராணுவச் சாலையில் ஏற்றிப் பார்த்துவிட்டு நேராக என் விடுதிக்குத்தான் வந்தாள். முகம் சிவந்திருந்தது, கண் மின்னியது.

"அண்ணி, சின்னதுதான்."

"யானைப் பசிக்குச் சோளப்பொரியா இருக்காதா?"

"யானை யாரு இங்க? ஓஸ்வால்டோ உடம்பை இழுக்கத்தான் அவ்ளோ பெரிய மோட்டார் வேணும். நான் அவன்ல பாதி. எனக்கு இது போதும், மிச்சம் கூட வரும். பேட்டரி தீர்ந்தாலும் நான் தூக்கிட்டு வந்துருவேன் அண்ணி. அதை நினைச்சுப் பாருங்க. அது செத்தப்புறமும் நான் தூக்கக்கூடிய வண்டி."

அவள் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

ஓஸ்வால்டோ யார் என்றால், வழிகாட்டிகளின் தலைவன். யாரும் தேர்ந்தெடுக்கவில்லை. உரத்த குரல் இருந்ததால் அவனாக ஆனான். அவர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கூட்டி வந்த ஆளின் பேட்டரி மலையில் தீர்ந்துபோனால் வழிகாட்டி தன் பேட்டரியைக் கழற்றிக் கொடுத்துவிட வேண்டும். ஆள் சொகுசாக இறங்குவார், வழிகாட்டி செத்த சைக்கிளோடு இறங்குவான். அதனால், பேட்டரி பொருந்த வேண்டுமென்றால், வருகிறவர்கள் சைக்கிள் எடுக்கும் வாடகைக் கடையில் எந்த மோட்டாரோ அதே மோட்டார்தான் வழிகாட்டிகளிடமும் இருக்க வேண்டும். வாடகைக் கடையில் அப்போது இருந்தது எருமை. வழக்கத்தைக் குறை சொல்ல மாட்டேன். நல்ல வழக்கம்தான். நல்ல வழக்கத்தை வைத்துக்கொண்டுதான் ஒரு ஆளை அடிக்கவும் முடியும்.

கோடை தொடங்கும் முன் என் விடுதியில் அவர்கள் கூட்டம் நடந்தது. டெல்ஃபினா எழுந்து நின்று சொன்னாள்.

"நான் சின்ன மோட்டார் வாங்கப் போறேன். ஆனா வாடகைக் கடைப் பேட்டரி ஒண்ணைப் பையில எப்பவும் வைச்சிருப்பேன். இடுப்புப் பட்டையில கட்டிக்குவேன், தோளுக்குப் பாரம் வராது. யாருக்காவது தீர்ந்தா எடுத்துக் குடுத்துருவேன். வழக்கம் கெடாது."

சரியான யோசனை. பாறை உள்ள இடத்தில் பையைத் தனியாக, சைக்கிளைத் தனியாகக் கடத்தலாம். ஒரு சின்னக் குழந்தைக்குக்கூடப் புரியும். ஓஸ்வால்டோவுக்குப் புரியவில்லை என்று நான் நம்பவில்லை. புரிந்ததுதான் அவனுக்குப் பிரச்சினை.

"அதாவது வழிகாட்டி பேட்டரியைக் குடுக்கறது இல்ல, சுமைக்கழுதை பேட்டரியைக் குடுக்கும். அப்படித்தானே?" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். "இங்க பாரு டெல்ஃபினா, உனக்கு ஒரு சட்டம், எங்களுக்கு ஒரு சட்டமா? நாளைக்கு இன்னொருத்தன் முழங்கால் வலின்னு வருவான். குடுக்கறவன் கஷ்டப்படணும், அதுலதான் மரியாதையே இருக்கு. தோளு முடியலன்னா தோளு முடியலன்னு சொல்லு. வெக்கம் இல்ல. அடுப்படியில நிக்கிற தில்தேவுக்குச் சமையல்ல ஆள் தேவைப்படும்."

"எனக்கு என்ன தேவைன்னு நான் சொல்லிக்கிறேன் ஓஸ்வால்டோ" என்றேன் அடுப்படியிலிருந்து.

"கோவிச்சுக்காத தில்தே, களியில கட்டி விழுந்துரும்."

மறுபடியும் சிரிப்பு. கை தூக்கச் சொன்னார்கள். டெல்ஃபினா பக்கம் ஒரு கைகூட எழவில்லை. இரண்டு பேர் மட்டும் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள். அத்தனை சுவாரசியமான களி அது.

அன்று சாயங்காலம் நான் அவளிடம் சண்டை போட்டேன். "போடி, அவனுங்க வேண்டாம். சின்னதை வாங்கிட்டு தனியா ஆள் கூட்டிட்டுப் போ."

"ஆளெல்லாம் வாடகைக் கடை வழியாத்தானே வர்றாங்க அண்ணி. கடை ஓஸ்வால்டோ சொல்றவங்களுக்குத்தான் அனுப்பும். ஊரோட ஒத்துப் போறதுதான்."

எருமையை வாங்கினாள். குருவி தலையில் பனங்காய். லிவியோ கடையிலிருந்து அதை அவள் தள்ளிக்கொண்டு வந்ததைப் பார்த்து என் தம்பி மட்டும் பெருமைப்பட்டான். ஊரிலேயே பெரிய மோட்டாராம்.

கோடையின் நடுவில் ஒருநாள் அவளும் ஓஸ்வால்டோவும் ஒரு கூட்டத்தை அழைத்துக்கொண்டு கணவாயைத் தாண்டினார்கள். வேகமாகப் போகிறவர்களை ஓஸ்வால்டோ எடுத்துக்கொண்டான். மெதுவாக வருகிறவர்கள் இவளுக்கு. அதில் மிலானிலிருந்து வந்த ஒரு பல் மருத்துவர் இருந்தார். என் விடுதியிலேயே அவருக்கு இவள் சொன்னதை நான் கேட்டேன்: "டாக்டர், முழு இழுவை குடுக்கிற அந்தக் கடைசிப் பொத்தானை ஏத்தத்துல மட்டும் அழுத்துங்க, சமதரையில வேண்டாம்." அவர் தலையாட்டினார். அந்தப் பொத்தானை அவர் வீட்டு அழைப்புமணி மாதிரி அழுத்திக்கொண்டே போயிருக்கிறார். கணவாய்க்கு அந்தப் பக்கம் பேட்டரி தீர்ந்துபோனது. வழக்கம் வழக்கம்தானே. டெல்ஃபினா தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்தாள்.

வழிகாட்டிகளிடம் வாக்கிடாக்கி உண்டு. என் அடுப்படியில் ஒன்று எப்போதும் கரகரத்துக்கொண்டிருக்கும். அதில் அவள் குரல் வந்தது.

"ஓஸ்வால்டோ, டாக்டருக்கு என் பேட்டரியைக் குடுத்துட்டேன். மண்சரிவுகிட்ட கொஞ்சம் நில்லு. தூக்கறதுக்கு ஒரு கை வேணும்."

"நாங்க அதைத் தாண்டியாச்சு. இவங்கல்லாம் கீழ பீர் கேக்கறாங்க."

"திரும்பி வா. ஒரே ஒரு இடம்தான்."

"பாத்தியா டெல்ஃபினா, இதுக்குத்தான் சொன்னோம். நீ கேட்ட மோட்டாரை வாங்கியிருந்தா இன்னிக்கு டாக்டர் கதி என்ன? மெதுவா வா, அவசரமில்ல."

நான் வாக்கிடாக்கியைப் பிடுங்கிக் கத்தினேன். "ஓஸ்வால்டோ, திரும்பிப் போடா! டெல்ஃபினா, கேக்குதா? சைக்கிளைப் போட்டுட்டு வா. அங்கேயே கிடக்கட்டும்."

போட்டுவிட்டு வந்திருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். எங்கள் ஊரை அறியாதவர்கள் கேட்கும் கேள்வி அது. மலையில் எதையாவது விட்டுவிட்டு இறங்குகிறவன் இங்கே ஆள் இல்லை. ஓஸ்வால்டோவின் அப்பா இளவயதில் கணவாயில் ஒரு மூட்டையைப் போட்டுவிட்டு வந்தார். சாகும்வரை அவருக்கு 'மூட்டை' என்றுதான் பெயர். கல்லறைக்கல்லில் மட்டும்தான் வேறு பெயர் இருக்கிறது. டெல்ஃபினா சைக்கிளை விட்டிருந்தால் அன்று சாயங்காலமே பாரில் அவளுக்கு ஒரு பெயர் தயாராகியிருக்கும். கூட்டி வந்த ஆட்களிடம் தூக்கச் சொல்வதும் கேவலம். அவள் கேட்கவில்லை. தூக்கினாள். பாறைகளின் நடுவில், தலைக்கு மேல் சைக்கிளை நகர்த்தும்போது தோள் இரண்டாம் முறை கழன்றது. சும்மா கழலவில்லை, உள்ளே இருந்த நரம்பையும் தசையையும் கிழித்துக்கொண்டு கழன்றது. பல் மருத்துவர் நல்ல மனிதர், பாவம். அழுதுகொண்டே அவளுக்குக் கைக்குட்டையில் கட்டுப் போட்டார். பேட்டரியைத் திருப்பித் தரவா என்று கேட்டாராம்.

அறுவை சிகிச்சை நடந்தது. வலது கை மார்புக்கு மேல் எழவில்லை. இனி எழாது என்றார்கள். உடல்தகுதிச் சான்று கிடைக்காததால் உரிமம் போனது. ஓஸ்வால்டோ மருத்துவமனைக்கு இனிப்புப் பெட்டியோடு வந்தான். "வழக்கத்தைக் காப்பாத்திட்டடி, நீதான் உண்மையான வழிகாட்டி" என்றான். அவன் கண் கலங்கியதையும் சொல்லிவிடுகிறேன். கலங்கத்தான் செய்தது. அதனால் என்ன?

அவளை நான் விடுதியில் வேலைக்கு வைத்துக்கொண்டேன். வேறு யார் வைப்பார்கள்? கடைசியில் ஓஸ்வால்டோ வாய் பலித்தது என்பதை நினைத்தால் இன்னும் எனக்கு வயிறு எரிகிறது. அந்த எருமையை என் தம்பி யாரோ வேட்டைக்காரனுக்கு விற்றுவிட்டான்.

அடுத்த வசந்தத்தில் வாடகைக் கடை எல்லாச் சைக்கிள்களையும் மாற்றியது. வருகிறவர்கள் இப்போது லேசான வண்டி கேட்கிறார்களாம். சின்ன மோட்டார், சின்ன பேட்டரி. லிவியோ கடையில் ஒருவருஷமாகத் தூசி படிந்து நின்ற அதே சாதி. வழிகாட்டிகளும் ஆளுக்கொன்று வாங்கினார்கள். கூட்டமெல்லாம் போடவில்லை. யாரும் கை தூக்கவில்லை. முதல் சவாரியாக ஒரு மதியம் என் விடுதிக்கு ஏறி வந்து, வாசலில் வரிசையாக நிறுத்தி, சாப்பிட உட்கார்ந்தார்கள்.

"முட்டாள்தனமா இவ்ளோ நாள் அந்தப் பாரத்தைச் சுமந்தோம்" என்றான் ஓஸ்வால்டோ. "என் இடுப்பே போச்சு. எதிர்காலம் இதுதான்னு நான் அப்பவே நினைச்சேன்."

"எப்ப நினைச்ச?" என்றேன்.

"தில்தே, நீ களியைக் கிண்டு, என்னைக் கிண்டாத." பிறகு உள்ளே பார்த்துக் கூப்பிட்டான். "டெல்ஃபினா! வாயேன். வந்து தூக்கிப் பாரு. பொம்பளகூட ஒரு கையில தூக்கிரலாம்!"

அவன் மனதில் விஷம் இல்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவனுக்கு எல்லாமே மறந்துபோயிருந்தது. நான் அவள் கையைப் பிடித்தேன், போகாதே என்று. அவள் ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போனாள். ஓஸ்வால்டோவின் சைக்கிளை இடது கையால் பிடித்துத் தூக்கினாள். தரையிலிருந்து நன்றாகவே எழுந்தது. ஒரு நிமிஷம் அப்படியே வைத்திருந்தாள். மோட்டாரைப் பார்த்தாள், அவனைப் பார்க்கவில்லை. இறக்கி வைத்தாள்.

எல்லோரும் கைதட்டினார்கள். "சொன்னேன்ல!" என்றான் அவன்.

உள்ளே வந்தவள் என்னிடம், "அண்ணி, எல்லாருக்கும் காப்பிதானே?" என்று கேட்டாள்.

ஆமாம் என்றேன். காப்பித் தட்டைத் தூக்க இரண்டு கை வேண்டும். அதனால் அவள் கோப்பைகளை இடது கையில் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போனாள். நான் கொண்டுபோகிறேன் என்றேன், விடவில்லை. கடைசிக் கோப்பை ஓஸ்வால்டோவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஆறிப்போயிருந்தது. அதைச் சொல்ல அவன் மறக்கவில்லை.