தகர டப்பாவில் குலுக்கிய மருந்து

தோட்டத்தில் மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சராக இருந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், நோயாளியைப் பார்க்கும் நேரத்தைவிட நோயாளியை எண்ணும் நேரம்தான் அதிகம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், இலங்கையில் புளத்கொகுபிட்டியவுக்கு மேலே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மழை தொடங்கினால் ரத்தபேதி வரும். ரத்தபேதி வந்தால் கொழும்பிலிருந்து ஒரு டாக்டர் வருவார். யாழ்ப்பாணத்துக்காரர், சீமையில் படித்தவர், புள்ளிவிவரப் பைத்தியம். அப்படி ஒருவரிடம் நீங்களும் அகப்பட்டிருந்தால் என் பாடு புரியும்.

சராசரி

டாக்டர் முதலில் கேட்டது தோட்டம் முழுவதற்கும் ஒரு சாவுச் சராசரி. மேல் லயம் என்ற கூலிவீட்டு வரிசைக்கு ஊற்றுத் தண்ணீர். பேதி அங்கே எட்டிப் பார்க்காது. கீழ் லயத்துக்காரர்கள் ஓடையில் குடித்தார்கள். அங்கே வாரம் ஒரு சவக்குழியாவது வெட்டினோம். இரண்டையும் கூட்டி வகுத்து எழுதிக் கொடுத்தேன். பக்கத்துத் தோட்டங்களைவிட நம் தோட்டம் தேவலை என்று துரைக்கு ஏகத் திருப்தி. கீழ் லயத்துக்குக் குழாய் போடும் பேச்சு அத்தோடு நின்றது.

கீழ் லயத்துக் கங்காணி முனியாண்டிக்கு இதை விளக்கப் போனேன். மகளைப் புதைத்துப் பத்து நாள் ஆகியிருந்த மனுஷன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "அப்போ மேல் லயத்து ஆளுங்க நல்லா இருக்கிறதுனால, நாங்க கொஞ்சமாத்தான் செத்திருக்கோம்னு சொல்றீங்க, இல்லீங்களா?"

ஐந்துக்கு ஒரு காம்பிரா

மறு வருஷம் டாக்டருக்குச் சராசரி கசந்துவிட்டது. லயத்தில் ஒரு குடும்பம் இருக்கும் அறைதான் காம்பிரா. ஐந்துக்கு ஒன்றை மட்டும் பார்த்து எண்ணினால் போதும், மிச்சத்தைக் கணித்துவிடலாம் என்றார். எந்தெந்தக் காம்பிரா என்று முன்கூட்டியே எழுதி அனுப்பினார். நான் மடத்தனமாக அதைக் காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் வாசித்தேன். மறுநாள் அந்தக் காம்பிராக்களில் ஒரு நோயாளிகூட இல்லை. பக்கத்துக் காம்பிராக்களில் கால் வைக்க இடமில்லை. முனியாண்டியை ஏசினேன். அவர் அசையவில்லை: "எண்ணினா தனிக் கொட்டகைக்குத் தூக்கிட்டுப் போயிடுறாங்க. எண்ணாட்டி வீட்டிலேயே சாகலாங்க."

சீட்டு

அதற்கடுத்த வருஷம் ஒரு புது மருந்து வந்தது. நான் வழக்கமாகக் கலக்கிக் கொடுக்கும் பழைய பேதி மிக்ஸ்சரைவிட அது மேலா என்று பார்க்க வேண்டும். டாக்டர் ஒரு தகர டப்பா நிறைய மடித்த சீட்டுகள் கொடுத்தார். சிவப்புக் கோடு போட்ட சீட்டு வந்தால் புது மருந்து, வெறும் சீட்டு வந்தால் மிக்ஸ்சர். ஒவ்வொரு நோயாளிக்கும் டப்பாவைக் குலுக்கி, பார்க்காமல் எடுக்க வேண்டும்.

இது என்ன சூதாட்டம் என்று எனக்குக் கோபம். யாருக்கு எது வேண்டும் என்று நானே பார்த்துக் கொடுக்கிறேன் என்றேன். டாக்டர் சிரிக்கவில்லை: "நீர் தெரிஞ்செடுத்துக் குடுத்தால் நான் மருந்தைச் சோதிக்கேல்லை, உம்மட மனசைத்தான் சோதிக்கிறன்."

செல்லாயி

இரண்டு வாரம் சீட்டுப்படி நடந்தேன். பிறகு பால் வெட்டுகிற செல்லாயி தன் புருஷனை முதுகில் சுமந்துகொண்டு வந்தாள். அவனுக்குக் கண் குழிவிழுந்து, நாடி அகப்படவில்லை. எடுத்தேன், வெறும் சீட்டு. அவனுக்கு முன்னே வந்தவனுக்கு லேசான வயிற்றுக்கடுப்புதான். சிவப்புச் சீட்டு விழுந்து, மருந்துக்காகப் பெஞ்சில் உட்கார்ந்து வெற்றிலை மென்றுகொண்டிருந்தான்.

இருவருக்கும் மருந்தை மாற்றிக் கொடுத்தேன். வெட்கமாக இல்லை, சந்தோஷமாகவே இருந்தது. அன்றிலிருந்து, பிழைக்கமாட்டார் என்று தோன்றியவர்களுக்கெல்லாம் புது மருந்து. எதைக் கொடுத்தாலும் எழுந்து நடப்பார் என்று தோன்றியவர்களுக்கு மிக்ஸ்சர். எல்லாம் சீட்டில் வந்ததாகவே புத்தகத்தில் எழுதினேன். செல்லாயியின் புருஷன் நாலாம் நாள் கஞ்சி குடித்தான். அவள் வாசலில் நின்று கேட்டாள்: "சீட்டு தானா வந்துச்சுங்களா, நீங்க பாத்து எடுத்தீங்களா? எதுவா இருந்தாலும் நல்லா இருப்பீங்க."

தற்செயல்

மழை ஓய்ந்ததும் டாக்டர் என் புத்தகத்தோடு இரண்டு நாள் உட்கார்ந்தார். புது மருந்து குடித்தவர்களில்தான் சாவு அதிகம். பாதிப் பேர் குழியில் கால் வைத்த பிறகு அதைக் குடித்தவர்கள், அதிகமாகாமல் என்ன செய்யும்? தற்செயலாக இவ்வளவு வித்தியாசம் வராது என்று டாக்டர் ஒரு தாள் முழுக்கக் கணக்குப் போட்டுக் காட்டினார். தற்செயல் இல்லைதான். நான்தான்.

சீட்டுப்படிதானே கொடுத்தீர் என்று கேட்டார். வேலை போய்விடுமே என்ற பயத்தில் ஆமாங்க என்றேன். அவர் பேனாவை மூடினார்: "அப்ப பிழை மருந்திலதான்."

அடுத்த மழை

மிச்சமிருந்த போத்தல்களைக் கொழும்புக்கே திருப்பி அனுப்பினோம். எந்தத் தோட்டத்துக்கும் அது மறுபடி வரவில்லை. அடுத்த மழையில் கீழ் லயத்தில் பேதி கண்டது. செல்லாயி இந்தத் தடவை தன் தங்கையைச் சுமந்து வந்தாள். நான் கலக்கிக் கொடுத்த மிக்ஸ்சரோடு அந்தப் பெண் சாயங்காலம் வரைதான் தாங்கினாள். கோப்பையை நீட்டியபோது செல்லாயி அதை முகர்ந்து பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது: "இது இல்லீங்களே ஐயா. எங்க வீட்டுக்காரருக்குக் குடுத்தீங்களே, அதைக் குடுங்க."

ஆகமொத்தம், என் உத்தியோகத்தில் நான் இரக்கப்பட்டுச் செய்த ஒரே நல்ல காரியத்தால் எத்தனை பேர் செத்தார்கள் என்பதை மட்டும் யாரும் என்னை எண்ணச் சொல்லவில்லை.