சம்பூர்ணம் காத்த பத்தியம்

பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்தில் சம்பூர்ணத்திடம் பேரம் பேசி ஜெயித்தவர் கிடையாது. மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு பொன்னேரி சந்தைக்குப் போனால் காலிக் கூடையோடுதான் திரும்புவாள். வாய் அப்படி. துலுக்காணத்துக்கு வாழ்க்கைப்பட்ட நாளிலிருந்து அந்த வாய்தான் வீட்டில் உலை வைத்தது. அவன் வலைவீசிப் பிடித்ததில் பெரும்பகுதி சாராயத்துக்குப் போனது. மதுவிலக்கு இருந்தவரை முள்காட்டுக்குள் ஒளிந்து ஒளிந்து குடித்தான். எழுபத்தொன்றில் அரசாங்கமே கடையைத் திறந்து அவனுக்கு அந்தச் சிரமத்தையும் குறைத்தது.

அடுத்த வருஷமே வயிறு உப்பிப் படுத்துவிட்டான். பட்டணத்திலிருந்து வேனில் வந்த டாக்டர் அழுத்திப் பார்த்து, ஈரலில் கொழுப்புக் கட்டி அது கெட்டுக்கொண்டு வருகிறது என்றார். எலும்பும் தோலுமாகக் கிடப்பவனுக்குக் கொழுப்பாம் என்று குப்பமே சிரித்தது. சம்பூர்ணம் சிரிக்கவில்லை. அந்த டாக்டர் கரிசலாங்கண்ணிப் பொடிக்கு ஈரல் நோய் கேட்குமா என்று சோதிக்க வந்தவர். அதற்காக ஊர் ஊராகப் போய் நோயாளிகளைச் சேர்த்துக்கொண்டிருந்தார். துலுக்காணத்திடம் கைநாட்டு வாங்கிக்கொண்டு பச்சைப் பொடிப் பொட்டலங்களைக் கொடுத்தார். சாராயத்தைத் தொடக்கூடாது, பொடியை வேளை தவறாமல் சாப்பிட வேண்டும் என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

சொல்லத்தான் வேண்டுமா என்ன? மூலிகை மருந்துக்குப் பத்தியம் உண்டு என்பது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். உப்பு ஆகாது, புளி ஆகாது, மீனைக் கண்ணால் பார்க்கக்கூடாது. பத்தியம் முறிந்தால் மருந்தே விஷமாகிவிடும் என்று குப்பத்துப் பெண்கள் ஆளுக்கு ஒரு கதை சொன்னார்கள். சம்பூர்ணம் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவன் குடியைத்தான் அவளால் ஒருநாளும் நிறுத்த முடியவில்லை. இதிலாவது தன் கையால் அவனைப் பிழைக்கவைத்துவிட வேண்டும் என்று வைராக்கியம்.

ஏரி மீனிலேயே வளர்ந்த உடம்புக்கு உப்பில்லாக் கஞ்சி. முதலில் திட்டினான், பிறகு கெஞ்சினான். வீட்டில் மீன் சமைத்தால் அவனுக்கு நாக்கு அலையும் என்று அவள் அடுப்பில் மீன் வைப்பதையே விட்டாள். ஆனால் கூடை சுமக்கிறவள் கஞ்சியில் காலம் தள்ள முடியுமா? அக்கா கங்கம்மா வீட்டில் தின்றுவிட்டு, கையைச் சாம்பலால் தேய்த்துக் கழுவிக்கொண்டு வருவாள். ஒருநாள் கஞ்சி கொடுக்கும்போது துலுக்காணம் அந்தக் கையைப் பிடித்து மோந்து பார்த்தான்.

"மடவ கொயம்பு," என்றான். "மீனு வேணாம் சம்பூர்ணம். கொயம்பு ஒரு சொட்டு நாக்குல வையி, போதும்."

"பொடி வேல செய்ற நேரத்துல கெடுத்துக்கினு சாவப் போறியா? சும்மா குடிய்யா," என்று கையை உதறிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு அவன் கேட்கவில்லை. கார்த்திகை மழையில் செத்துப்போனான். பத்தியம் எங்கேயோ முறிந்துவிட்டது, தன் கையிலிருந்த குழம்பு வாசனைதான் மருந்தைக் கெடுத்தது என்றே அவள் நம்பினாள். அந்த நினைப்பு அவளை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

கோடையில் வேன் மறுபடியும் வந்தது. சந்தைக்குக் கிளம்பியவள் கூடையோடு போய் நின்று, தப்பு தன்மேல்தானா என்று டாக்டரைக் கேட்டாள். அவர் நல்ல மனுஷன்தான், அதுதான் கொடுமை. பட்டியலோடு கூட வந்திருந்த கம்பவுண்டர் தாவீதிடம் விவரம் கேட்டுக்கொண்டு நிதானமாக விளக்கினார். பாதிப் பேருக்குத்தான் கரிசலாங்கண்ணி, மீதிப் பேருக்குச் சாயம் கலந்த அரிசிமாவு. அப்படி ஒப்பிட்டுப் பார்த்தால்தான் மருந்தின் குணம் தெரியும். யாருக்கு எது என்று அன்றைக்கு அவருக்கே தெரியாதாம். துலுக்காணத்துக்கு வாய்த்தது மாவு.

அவள் வாயில் வசவு திரண்டு நின்றது. அதற்குள் அவர், நிஜ மருந்து சாப்பிட்டவர்களும் தேறவில்லை, அந்தக் குறை வேண்டாம் என்று ஆறுதல் சொன்னார். திரண்ட வசவை யார்மேல் கொட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

"அப்ப பத்தியம், சார்?" என்றாள்.

"நாங்க பத்தியமே சொல்லலையேம்மா. உப்பைக் குறைச்சது சரி. மீன் தாராளமா குடுத்திருக்கலாம். உடம்புக்குத் தெம்பா இருந்திருக்கும்."

அன்றைக்கு அவள் சந்தைக்குப் போகவில்லை. கூடையிலிருந்த மடவை மீனை வீட்டில் புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். சோற்றில் பிசைந்து வாயருகே கொண்டுபோனவளுக்குத் தன் கை வாசனை மூக்கில் ஏறியது. அப்படியே தட்டில் போட்டுவிட்டு எழுந்தாள்.

பிறகும் வருஷக்கணக்கில் சந்தையில் மீன் விற்றாள், அதே வாயோடு. ஒரு துண்டும் தின்றதில்லை. யார் உனக்குப் பத்தியம் சொன்னது என்று கங்கம்மா தட்டில் குழம்பை ஊற்ற வரும்போதெல்லாம் தட்டை இழுத்துக்கொள்வாள்.

"அந்தாளு கேட்டது ஒரு சொட்டுதானக்கா," என்பாள்.