திரைக்குள் நாலு விரல்

அக்குறணையில் கலியாணச் சட்டையா, பெருநாள் சட்டையா, பெண்களுக்கு அளவு எடுப்பவள் றலியாதான். அளவு நாடா இருந்தது. நம்பியது என்னவோ தன் விரல்களைத்தான். வாய் மட்டும் ஒரு நிமிஷம் சும்மா இராது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தைந்தாம் ஆண்டு பிறந்தபோது ஊரே மலேரியாவில் நடுங்கிக்கொண்டிருந்தது. அறுபது வருஷத்துக்கும் மேலாக டாக்டர்களையும் அப்போதிக்கரிகள் என்ற உதவி மருத்துவர்களையும் உருவாக்கிய கொழும்பு மருத்துவக் கல்லூரியிலிருந்து, படிப்பு முடியாத பிள்ளைகளும் காய்ச்சல் ஊர்களுக்குக் கிளம்பினார்கள். இங்கே வந்து சேர்ந்தவர் மயில்வாகனம், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மீசை அரும்பவில்லை, மிடுக்குக்குக் குறைவில்லை.

மலேரியா முற்றினால் இடது விலாவின் கீழே மண்ணீரல் வீங்கும். எத்தனை விரல் அகலம் என்று தொட்டுப் பார்க்கவேண்டும். ஆண்கள் வரிசையில் நின்று சட்டையைத் தூக்கினார்கள். பெண்களோ திரைக்குப் பின்னால் போய் உட்கார்ந்தவர்கள்தான், அசையவில்லை. டாக்டர் தம்பி தலையைச் சொறிந்தார்.

கடைசியில் றலியாவைப் பிடித்தார்கள். பாடம் நடத்த அகப்பட்டது அவள் புருஷன் சாஹுல் ஹமீதின் வயிறு. விரல் பட்டதும் மனுஷன் கூச்சத்தில் நெளிந்து, உட்கார்ந்திருந்த கதிரையோடு சாய்ந்தார். காய்ச்சல்காரர்கள்கூட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். பிறகு திரைக்குள்ளிருந்து “ரெண்டு”, “மூணு” என்று ஏலக்கடைபோல ஒரே சத்தம்.

அப்போது அவள் மகள் றமீஸாவின் முறை வந்தது. வருகிற வாரம் கலியாணம். பெண்ணுக்குக் காய்ச்சல் என்பது தாய்க்கும் மகளுக்கும் மட்டுமே தெரியும். வெளியே தெரிந்தால் சம்பந்தம் முறிந்துவிடுமென்று இருவருக்கும் பயம். மாப்பிள்ளையின் தாய் ஆஸியா உம்மா அதே பாயில்தான் உட்கார்ந்திருந்தாள்.

றலியா விரலை வைத்தாள். வெளியேயிருந்து மயில்வாகனம், “எத்தினை விரல், அம்மா?” என்றார். மகள் கண்ணாலேயே கெஞ்சினாள். ஒன்றுமில்லை என்றால் கலியாணம் நடக்கும், மருந்து கிடைக்காது. றலியா விரலை எடுத்து, மறுபடியும் வைத்து எண்ணினாள்.

“நாலு விரல், தம்பி. எண்ட மகளுக்கு.” சொல்லிவிட்டு அழுதாள்.

ஆஸியா உம்மா எழுந்தாள். எல்லாம் முடிந்தது என்று நினைத்தாள் றலியா. எழுந்தவளோ சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

“எண்ட மகனும் நடுங்கிக்கொண்டுதான் கிடக்கிறான். தெரிஞ்சா பொண்ணு தரமாட்டீங்கன்னு அறையப் பூட்டிட்டு வந்தேன்.”

திரைக்குள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். விஷயம் விளங்காத டாக்டர் தம்பி திரைக்கு அடியால் கொயினா மருந்துப் போத்தலை நீட்டினார். றமீஸா பல் கிடுகிடுக்க அதை வாங்கி, ஆஸியா உம்மாவின் கையில் வைத்தாள்.

“மொதல்ல அவருக்குக் கொண்டு போங்க, மாமி.”