கூரைமேல் இருந்த டிஷ்

அந்தப் படத்தில் கூரைமேல் ஒரு டிஷ் இருந்தது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இப்போது பல அலுவலகங்களில் மேசைமேல் கிடக்கும் அந்தச் சிறு புத்தகத்தின் அட்டையில் டிஷ் இல்லை. ஈரத் தகரக்கூரை, பனி, அடுப்புப் புகை, அவ்வளவுதான். பார்க்கிறவர்கள் "எவ்வளவு எளிமையான வாழ்க்கை" என்கிறார்கள். ஒரு பெரிய மனிதர் என் முன்னாலேயே அப்படிச் சொன்னார். எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் படத்தை எடுத்த சண்முகவடிவு எளிமையாக வாழ வேண்டும் என்று ஒரு நாளும் ஆசைப்பட்டவள் அல்ல. அவளைப் பற்றி ஒன்றும் தெரியாமல் அவள் படத்துக்கு அர்த்தம் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அதனால் எழுதுகிறேன்.

டிக்கோயாவுக்கு மேலே, பஸ் நிற்கும் சந்தியிலிருந்து ஏறி வரும் பாதையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வீட்டு வரிசையான மேட்டு லயத்தின் கடைசிக் காம்பரா அறையில் அவள் இருந்தாள். கொழுந்து பறித்தவள். ஒரு மழைக்காலத்தில் நிறைந்த கூடையோடு சரிவில் வழுக்கி விழுந்தாள். முதுகெலும்பு போனது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. ஆஸ்பத்திரியில் செய்யக்கூடியதைச் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இத்தனை வருடம் கொழுந்து பறித்துப் போட்டவளுக்குத் தோட்டம் கொடுத்தது ஒரு பழைய இரும்புக் கட்டில்.

நான் நோயாளிகளைப் பராமரிக்கப் படித்து அந்த வேலையிலேயே வயதானவள். அவளைக் குளிப்பாட்டவும் புரட்டிப் படுக்க வைக்கவும் அதை அவள் புருஷன் அழகுமுத்துவுக்குப் பழக்கவும் போகத் தொடங்கினேன். முதல் வேலையாகக் கட்டிலை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். காட்சி பார்க்க அல்ல. காற்றுப் பட்டால்தான் முதுகுப் புண் காயும்.

படுக்கையில் விழுந்தவர்கள் சாந்தமாகிவிடுவார்கள் என்று நினைப்பவர்கள் ஒருவருக்கும் மலம் துடைத்துவிட்டதில்லை. சண்முகவடிவு காலையில் கண் விழித்ததுமே யாரையாவது திட்டுவாள். தேத்தண்ணி ஆறிப் போயிருக்கும், அல்லது பூனை குறுக்கே போயிருக்கும். ஆளில்லாவிட்டால் ஜன்னல் வழியாகக் கீழ் லயத்து ராக்காயியைக் கூப்பிட்டுத் திட்டுவாள். ராக்காயியும் சளைத்தவள் அல்ல.

மகள் நாகலெட்சுமி குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருந்தாள். அம்மா படுத்தபடி பார்க்கட்டும் என்று டீவியும் டிஷ்ஷும் வாங்க அவள்தான் அனுப்பினாள். ஆனால் இவர்கள் லயத்துக்குப் பின்னால் டர்பன்டைன் மரங்கள் வானத்தை மறைத்துக்கொண்டு நின்றன. டிஷ்ஷைக் கீழ் லயத்தில் ராக்காயியின் கூரைமேல்தான் பூட்ட முடிந்தது. வயர் முற்றத்துக்கு மேலாகக் குறுக்கே ஓடி வந்து சண்முகவடிவின் ஜன்னலால் உள்ளே நுழைந்தது.

"என் கூரையில ஒங்க சட்டிய வச்சுட்டு ஒங்க வீட்டுல நாடகம் பாப்பீங்க. நான் ஒழுகுற தண்ணியப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?" என்றாள் ராக்காயி.

"வந்து பாரேன்டி. ஒனக்கு வெத்தல வேற வைக்கணுமா?"

அன்று முதல் பொழுதுபட்டதும் ராக்காயி அங்கேதான். வாடகை போல இன்னொரு உரிமையையும் எடுத்துக்கொண்டாள். தன் பிள்ளையின் பள்ளிக்கூடச் சாக்ஸைத் துவைத்து டிஷ்ஷின்மேல் காயப் போட்டாள்.

யுத்தம் முடிந்த வருடம், குவைத்திலிருந்து வந்த ஒரு பெண்ணிடம் நாகலெட்சுமி ஒரு போன் கொடுத்தனுப்பியிருந்தாள். அவளுடைய மேடம் கீழே போட்டு, மூலையில் கண்ணாடி வெடித்ததால் வேண்டாமென்று விட்டது. விரலால் தொட்டால் திறக்கும் போன். அந்த நாளில் எங்கள் பக்கத்தில் அப்படியொன்றை நான் கண்டதில்லை. டவுனில் போனும் டிஷ்ஷும் விற்கிற பைஸர், காற்றுக்குத் திரும்பிப்போன டிஷ்ஷைச் சரி செய்ய வந்தபோது அதைக் கண்டார்.

"அக்கா, இது லேசுப்பட்ட போன் இல்ல. கதைக்க மட்டுமா வச்சீக்கிறீங்க?"

"வேற என்னா, இத வச்சுக் கொழுந்தா பறிக்கிறது?"

"படம் எடுக்கேலும். எடுத்தத வெட்டேலும், கலர எடுக்கேலும்." தன் போனிலிருந்து இதற்கு ஏதோ ஒன்றை ஏற்றினார். இப்போது எல்லோரும் ஆப் என்கிறார்களே, அதுதான். கட்டில் காலைப் படமெடுத்து, நிறத்தை நீக்கிக் காட்டினார். "பாருங்க."

"செத்த வீட்டுல மாட்டுற படம் மாதிரி இருக்கு" என்றாள். ஆனால் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டு அவர் போன பிறகும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலில் பூனையை எடுத்தாள். பிறகு வாளி, என் செருப்பு, சுவரில் வழிந்த ஈரம். எல்லாம் சாய்ந்து வந்தன. ஒருக்களித்துப் படுத்து எடுத்தால் அப்படித்தான் வரும். ஆகவே அவள் முதலில் பழகிய திருத்தம் சாய்ந்ததை நிமிர்த்துவது. அடுத்து ஓரங்களை வெட்டப் பழகினாள். பிறகு வெளிச்சத்தைக் குறைக்க. ஒரே படத்தை வெட்டி, வேண்டாமென்று பழையபடி ஆக்கி, மறுபடி வெட்டுவாள். முழங்கையை ஊன்றி ஊன்றி அங்கே தோல் சிவந்தது. நான் சத்தம் போட்டுத் தலையணை வைத்துக் கட்டிவிட்டேன். தலையணையோடு இன்னும் நேரம் எடுத்துக்கொண்டாள்.

அந்த ஆப்பில் விரலால் தேய்த்தால் எதையும் அழிக்கிற வித்தையும் இருந்தது. அது தெரிந்ததும் ராக்காயி போனில் இருந்த தன் படத்தைக் காட்டிக்கொண்டு நின்றாள்.

"என் பல்லுச் சந்த கொஞ்சம் அடைச்சு விடேன்டி."

"அத அடைச்சா அது நீ இல்ல, ஒன் அக்கா. அவ மூஞ்சிய நான் எதுக்கு வச்சிருக்கணும்?"

அவளுடைய சட்டம் அதுதான். வெட்டலாம், இருட்டாக்கலாம், நிறத்தை எடுக்கலாம். இருந்ததை இல்லை என்று ஆக்கக்கூடாது. எனக்குப் படக்கலை தெரியாது. ஆனால் நோயாளியின் புண்ணைப் பவுடர் போட்டு மறைக்கிற தாதிகளை நான் கண்டிருக்கிறேன், ஆகையால் சட்டம் விளங்கியது.

இனி அந்தப் படம். மழை விட்ட காலைகளில் பனி கீழே பள்ளத்திலிருந்து ஏறி வரும். ராக்காயியின் கூரைத் தகரத்துக்குச் சரியாகக் கீழே அது நிற்கும் ஒரு கணம் உண்டு. அதற்காக அவள் பல நாள் விடியலில் காத்திருந்தாள். பனி வந்தால் சாக்ஸ் இருக்காது, சாக்ஸ் இருந்தால் பனி மேலே ஏறிவிடும். ஒரு நாள் இரண்டும் பொருந்தின. அந்த நேரம் பார்த்து ராக்காயி ஏணியில் ஏறினாள்.

"சாக்ஸ எடுக்காதடி. இரு."

"புள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகணும். ஈரச் சாக்ஸுக்கு என்னாத்துக்குப் படம்?"

"இருன்னா இரு."

அழகுமுத்து வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "துணி காயுறத எடுக்குறா. நாளைக்குக் கான் தண்ணிய எடுப்பா."

"எடுத்தேன். நல்லா வரல" என்றாள் திரும்பாமலே.

படத்திலிருந்து நிறத்தை எடுத்தாள். கீழே இருந்த சாக்கடைக் கானை வெட்டினாள். வானத்தின் ஓரங்களை இருட்டாக்கினாள். கீழ் மூலையிலிருந்து, அதாவது அவள் படுத்திருக்கும் இடத்திலிருந்து, வயர் புறப்பட்டுப் பனிக்கு மேலாகப் போய் டிஷ்ஷில் முடியும். டிஷ்ஷின்மேல் இரண்டு சாக்ஸ். கூரையோரம் கொஞ்சம் அடுப்புப் புகை, வேறொன்றும் இல்லை. எனக்கு முதலில் அந்த டிஷ் சோற்றுக் கோப்பை போலத்தான் தெரிந்தது. இரண்டாம் முறை பார்த்தபோது கண் வயரைப் பிடித்துக்கொண்டு தானாகவே அங்கே போனது.

பைஸர் அதைத் தன் கடைக் கணினியில் போட்டு வைத்திருந்தார். அங்கே கண்டுதான் சுகிர்தன் வந்தார். யாழ்ப்பாணத்துப் பிள்ளை. ஹட்டனில் ஒரு தொண்டு நிறுவனத்தில் அதிகாரி. கண்காட்சி வைக்கப் போவதாகச் சொன்னார்.

"அம்மா, இது நீங்கள் எடுத்ததோ? நல்ல வடிவான படம்."

"பேரு போடுவீங்களா, தம்பி?"

"போடாமல்? பெரிசா அடிச்சு, பேரும் போட்டு வைப்பம்."

"டிஷ்ஷு சாக்ஸோட தெரியுதா பாருங்க. சின்ன போன்ல சிலருக்குத் தெரியல."

"எல்லாம் தெரியுது அம்மா."

இந்தப் பேச்சு நடந்தபோது நான் கட்டிலுக்குப் பக்கத்தில் தலையணை உறை மாற்றிக்கொண்டு நின்றேன்.

கண்காட்சி நாளில் அவளை நாற்காலியில் வைத்துப் படங்குத் துணியால் கட்டித் தெருவரை தூக்கிக்கொண்டு போனோம். பிறகு ஆட்டோ. ஒவ்வொரு வளைவிலும் அவளைத் தாங்கிப் பிடித்தேன். விழுந்த பிறகு அவள் ஆஸ்பத்திரிக்கு அல்லாமல் வேறெங்கும் போனது அன்றுதான். நல்ல சேலை கட்டியிருந்தாள். ராக்காயி தலை சீவி விட்டிருந்தாள். அழகுமுத்து வழியெல்லாம் முணுமுணுத்தார்.

மண்டபத்தில் படம் கதவளவு பெரிதாக மாட்டியிருந்தது. நாற்காலியை அதன் முன்னால் நிறுத்தினோம். அவள் கழுத்தை நீட்டிக் கூரையைப் பார்த்தாள்.

"அக்கா, என் டிஷ் எங்க?"

பார்த்தேன். கூரை துடைத்து வைத்த மாதிரி இருந்தது. டிஷ் நின்ற இடத்தில் பக்கத்துத் தகரத்தையே எடுத்து ஒட்டியிருந்தார்கள். வரிகூடச் சரியாகப் பொருந்தவில்லை. கீழ் மூலையிலிருந்து வயர் மட்டும் புறப்பட்டு மேலே போய், எதிலும் சேராமல் அந்தரத்தில் நின்றது. கீழே அட்டையில் அவள் பெயர் இருந்தது. பெயருக்கு மேல் 'மலையின் மௌனம்' என்று யாரோ தலைப்பும் வைத்திருந்தார்கள். யார் மௌனமாக இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

சுகிர்தன் சிரித்துக்கொண்டு வந்தார். அவள் முகத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றது.

"அம்மா, கோவிக்காதேங்கோ. அது சின்னத் திருத்தம். டிஷ் நிண்டால் கண் அங்கதான் போகுது."

"அங்க போகணும்னுதானே எடுத்தேன்."

"விளங்குது. ஆனா கொழும்பில இருந்து உதவி செய்யிற ஆக்கள் வருகினம். டிஷ்ஷைக் கண்டால் இவைக்கு என்ன குறை எண்டு கேப்பினம். உங்கட சனத்துக்காகத்தான் செய்தனாங்கள்."

"எங்க கொறையக் காட்டணும்னா அன்னைக்கே சொல்லியிருக்கலாமே. லயத்துக்கே ஒரு கக்கூசுதான், கதவும் இல்ல. அத எடுத்துக் குடுத்திருப்பேன். நெறத்தோடயே குடுத்திருப்பேன்."

பக்கத்தில் நின்ற இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். அவள் சிரிக்கவில்லை.

"என் மக ஊரான் வீட்டு எச்சில் கோப்பை கழுவி வாங்குனது அது. வெரலால தேச்சிட்டீங்க. அதயும் ஒழுங்காத் தேய்க்கல. வயரு எங்க போகுது? வானத்துலயா பூட்டியிருக்கு?"

"அது கொடிக்கயிறு எண்டு ஆக்கள் நினைப்பினம்."

"அப்ப துணி எங்க?"

அவர் மெதுவாகச் சொன்னார்: "கூட்டம் முடிய மாத்துவம் அம்மா."

"எல்லாரும் பாத்துட்டுப் போனப்புறம் யாருக்கு மாத்துறீங்க?" புருஷன் பக்கம் திரும்பினாள். "இந்தாங்க, அத எறக்குங்க."

இத்தனை மாதம் அவளைக் கேலி செய்த மனிதர். அவர் சுகிர்தனைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு நாற்காலிமேல் ஏறி, படத்தை ஆணியிலிருந்து எடுத்தார். பக்குவமாக இறக்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிச் சாத்தினார்.

"சபையில உப்பிடிச் செய்யலாமோ ஐயா?" என்றார் சுகிர்தன்.

"எடுத்தவ சொல்றா. நான் என்னாங்க பண்றது?"

வெறும் சுவரும் பெயர் அட்டையும் மிஞ்சின. சண்முகவடிவு அதற்குக் கீழே உட்கார்ந்து, வெடித்த போனைத் திறந்து பிடித்துக்கொண்டாள். அட்டையைப் பார்த்து நின்றவர்களிடம் "இதுதாங்க நான் எடுத்தது" என்று நீட்டினாள். குனிந்துதான் பார்க்க வேண்டும். கோட்டுப் போட்டவர்களும் குனிந்தார்கள். ஒரு பெண் சாக்ஸ் யாருடையது என்று கேட்டாள். ராக்காயியின் கதை முழுவதும் அவளுக்குக் கிடைத்தது. இடையிடையே நான் போய்ச் சண்முகவடிவைத் தூக்கி இடுப்புக்கு இளைப்பாறல் கொடுத்தேன். யார் பார்த்தாலும் அதை நிறுத்த முடியாது. புண் வந்துவிடும்.

இத்தோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்க மாட்டேன்.

சில வாரம் கழித்துச் சுகிர்தன், கண்காட்சிப் படங்களை அச்சிட்ட ஒரு கட்டுச் சிறு புத்தகங்களோடு வந்தார். கெட்டவர் அல்ல, மன்னிப்பும் கேட்டார். ஆனால் புத்தகம் கண்காட்சிக்கு முன்பே அச்சுக்குப் போய்விட்டதாம். அட்டையில் அதே துடைத்த கூரை. உள்ளே அவள் பெயர், பிழையில்லாமல். பெயர் அவளுடையது, படம் அவளுடையது அல்ல. இதை மரியாதை என்று சொல்லிக் கொடுத்தார்கள்.

லயத்துக்குக் கொடுக்கத்தான் அந்தக் கட்டு. சண்முகவடிவு எல்லாவற்றையும் கட்டில்மேல் போடச் சொன்னாள். என்னிடம் பேனை கேட்டாள். முதல் புத்தகத்தை எடுத்து, வயர் முடிகிற இடத்தில் ஒரு வட்டம் போட்டாள். வட்டத்தின்மேல் இரண்டு சாக்ஸ் கீறினாள். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

ஜன்னலால் எட்டிப் பார்த்த ராக்காயி, "சாக்ஸப் பெருசாப் போட்டுட்ட. என் புள்ளைக்கு அவ்வளவு பெரிய காலா?" என்றாள்.

"வளந்துருவான்."

சுகிர்தன் கதவருகில் நின்று பார்த்தார். "எல்லாத்திலயும் கீறப் போறீங்களோ அம்மா?"

"நீங்க எல்லாத்துலயும்தானே அழிச்சீங்க."

அவள் கீறியது இந்த லயங்களில் இருக்கும் பிரதிகளில் மட்டும்தான். மற்றவை கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் போய்விட்டன. அவற்றில் கூரை இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. உங்களிடம் ஒன்று இருந்தால் பேனையை எடுங்கள். வயர் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு வட்டம். மேலே சாக்ஸ் இரண்டு. இடது பக்கத்தில் இருப்பது கொஞ்சம் இழுபட்டு நீளமாக இருக்கும்.