சுவரோரத்து வெற்றிடம்

பெங்களூர் ரிச்சர்ட்ஸ் டவுனில் சில்வெஸ்டருக்கு ஒரு பெயர் இருந்தது: கையில் பென்சில் இல்லாமல் பேசத் தெரியாதவர். கடைக்கு வழி கேட்டால்கூடத் தாளை எடுத்து வடக்கு எது என்று அம்புக்குறி போட்ட பிறகுதான் வாயைத் திறப்பார். நடுவண் அரசின் நில அளவை அலுவலகம் ஒன்றில் முப்பத்தைந்து ஆண்டு வேலை பார்த்து, 1995-இல் ஓய்வு பெற்றவர். மழைக்காலத்தில் பெங்களூரில் வரைவு வேலை, மற்ற மாதங்களில் பெல்லாரி, அனந்தப்பூர்ப் பக்கம் கூடாரத்தில் முகாம் என்று ஆயுளில் பாதியைக் கழித்தவர்.

1966-இல் அவருடைய முதல் குழந்தை அப்படியொரு முகாமின் நடுவில்தான் பிறந்து இறந்தது. மாலையில் பிறந்தது, விடிவதற்குள் போய்விட்டது. தந்தி பெல்லாரிக்கு வந்து, அங்கிருந்து ஆள் மூலமாகக் கூடாரத்தைத் தேடி அடைந்து, அவர் ரயிலேறி வந்து சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. மனைவி ஜூலியா மருத்துவமனைக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். மாமனார் அவர் தோளைத் தொட்டு, எல்லாம் முடிச்சாச்சு மாப்பிள்ளை என்று மட்டும் சொன்னார். அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. சிசுக்களைக் குடும்பத்துக் கல்லறையின் கால்மாட்டில் வைப்பது அந்தக் கோயில் பங்கில் வழக்கம். ஆகையால் ஜூலியாவின் பெரியப்பா கல்லறையின் கால்மாட்டில்தான் பிள்ளை இருக்கிறது என்று அவராகவே முடிவு செய்துகொண்டார். ஒவ்வொரு நவம்பரிலும் கல்லறைத் திருநாளன்று அங்கே ஒரு சின்ன மெழுகுதிரியைத் தனியாக ஏற்றி வைப்பார். ஜூலியா கல்லைக் கழுவத் தண்ணீர் எடுக்கக் குடத்தோடு சுவரோரத்துக் குழாய்க்குப் போவாள். திரும்பி வரச் சற்று நேரமாகும். கூட்டம் என்று நினைத்துக்கொள்வார்.

பிள்ளை அவர் நினைத்த இடத்தில் இல்லை. அதை அறிய அவருக்கு முப்பத்தோராண்டு பிடித்தது. அறிந்தபோது, அந்த இடத்தைத் தோண்டலாம் என்று ஊருக்குக் காட்டிக் கொடுத்த வரைபடத்தையும் அவரே போட்டு முடித்திருந்தார்.

1997 தொடக்கத்தில் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் இடம் தீர்ந்துபோயிற்று. புதிய நிலம் கிடைக்கும் வழி இல்லை. சுற்றிலும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. பழைய குழிகளையே மறுபடி தோண்டுவது என்றால் எதைத் தோண்டுவது என்பதில் ஒழுங்கு இல்லை. ஒரு குடும்பம் தன் தகப்பனாரின் குழியில் வேறு வீட்டுப் பெட்டி இறங்குவதைக் கண்டு சிலுவையைப் பிடுங்கி எறிந்தது. அடக்கத்துக்கு வந்த கூட்டம் இரண்டாகப் பிரிந்து அடித்துக்கொண்டது. அதன் பிறகுதான் பங்குப் பேரவையின் செயலர் டெஸ்மண்ட் சில்வெஸ்டரைத் தேடி வந்தார். டெஸ்மண்ட் வங்கி அதிகாரி, நாற்பதைத் தாண்டியவர், வெட்டொன்று துண்டிரண்டாகப் பேசுகிறவர். யாரும் சண்டைக்கு வர முடியாதபடி ஒரு கணக்கு வேண்டும் அங்கிள், அதைப் பார்த்தால் எங்கே தோண்டலாம் என்று பச்சைப் பிள்ளைக்கும் விளங்க வேண்டும் என்றார்.

ஓய்வு பெற்ற மனிதருக்கு இதைவிடப் பெரிய மரியாதை வேறு என்ன? சில்வெஸ்டர் அளவுச் சங்கிலியும் நாடாவும் எடுத்துக்கொண்டு இறங்கினார். முதலில் தோட்டத்தை அளந்து அடிப்படைத் தாள் போட்டார். அதன் மேல் வைக்க மெல்லிய டிரேசிங் தாள்கள் மூன்று. முதல் தாளில் கல் கட்டிய கல்லறைகளையும், கோயில் பதிவேட்டில் அடக்க ஆண்டு தெரிந்த மற்றக் குழிகளையும் குறித்தார். இரண்டாவது தாள் உறவினர்களுக்கு உரியது. ஞாயிறு பூசைக்குப் பிறகு கோயில் வாசலில் மேசை போட்டு உட்கார்ந்து, உங்களுடையவர் எங்கே இருக்கிறார், யார் வந்து பார்க்கிறீர்கள் என்று குடும்பம் குடும்பமாகக் கேட்டார். வர முடியாத முதியவர்களின் வீடுகளுக்கும் போனார். மூன்றாவது தாள் மண்ணுக்கு. எங்கே பாறை தட்டும், எங்கே மழையில் ஊற்றெடுக்கும் என்பதைக் குழி வெட்டும் கோவிந்தப்பா சொல்லச் சொல்லக் குறித்துக்கொண்டார். ஆகாத இடத்தை எல்லாம் ஒவ்வொரு தாளிலும் வண்ணத்தால் நிரப்பினார்.

மேற்குச் சுவரை ஒட்டி நீளமாக ஒரு புல்தரை கிடந்தது. பதிவேட்டில் அதற்கு ஒரு வரியும் இல்லை. எந்தக் குடும்பமும் உரிமை சொல்லவில்லை. ஆங்காங்கே உள்ளங்கையளவு கற்கள் புதைந்திருந்தன. வரைபடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட அளவுகோலில் அவை பென்சில் முனையைவிடச் சிறியவை. அளவுகோலுக்கு அடங்காததை வரைவதில்லை என்பது அவர் படித்த பாடம். விட்டுவிட்டார். அங்கே மண் எப்படி என்று கோவிந்தப்பாவிடம் கேட்டபோது, ரொம்ப இளக்கமான மண் என்று பதில் வந்தது. ஒரு தடவை வெட்டி மூடிய மண்தான் அப்படி இளகிக் கிடக்கும். முப்பத்தைந்து ஆண்டு மண்ணில் நடந்தவருக்கு அது தோன்றியிருக்க வேண்டும். நல்லது என்று எழுதிக்கொண்டார்.

பேரவை கூடிய அன்று, அடியில் குழல்விளக்கு எரியும் கண்ணாடி மேசையில் மூன்று தாள்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். தோட்டம் முழுவதும் கருத்துத் தெரிந்தது. மேற்கில் மட்டும் வெள்ளையாக ஒரு பட்டை விளக்கொளியில் பளிச்சிட்டது. விளக்கமே தேவைப்படவில்லை. பங்குத்தந்தை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். டெஸ்மண்ட், இனி ஒருத்தரும் வாயைத் திறக்க முடியாது என்று சிரித்தார்.

அடுத்த ஞாயிறு பூசை முடிவில் அறிவிப்பு வாசிக்கப்பட்டது. சுவரோர நிலத்தில் வரிசையாகப் புதுக் குழிகள் எடுக்கப்படும் என்றும், திரு சில்வெஸ்டர் அவர்களுக்குப் பங்கு நன்றி கூறுகிறது என்றும் சொன்னார்கள். கடைசிப் பாட்டுக்கு எல்லாரும் எழுந்து நின்றார்கள். பெண்கள் பக்கத்தில் ஜூலியா மட்டும் எழவில்லை.

வீட்டுக்கு வந்ததும் முக்காட்டைக்கூட எடுக்காமல் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்தாள்.

"அந்தச் சுவரோரத்துலதாங்க நம்ம பிள்ளை இருக்கு" என்றாள்.

அவருக்கு முதலில் அர்த்தமாகவில்லை. பெரியப்பா கால்மாட்டில் அல்லவா என்று கேட்டார். இல்லை என்று அவள் தலையை ஆட்டினாள்.

"ஞானஸ்நானம் ஆகாத பிள்ளை. மந்திரிச்ச மண்ணுல வைக்கக் கூடாதுன்னு அப்ப இருந்த சாமியார் சொல்லிட்டார். அப்பா துணியில சுத்தி, சுவரோரமா வெச்சுட்டு வந்தார். அந்த மாதிரி பிள்ளைங்களுக்கு அதான் இடம். ஆபத்து நேரத்துல யார் வேணும்னாலும் ரெண்டு சொட்டுத் தண்ணி ஊத்திப் பேர் சொல்லியிருக்கலாம். எனக்குத் தெரியும். நான் மயக்கத்துல கிடந்தேன். பக்கத்துல இருந்த ஒருத்தருக்கும் தோணல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது? பெத்தவ இருந்தும் பிள்ளை வெளியில கிடக்குன்னா?" சற்று நேரம் மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்து விரித்துக்கொண்டிருந்தாள். "நீங்களும் கேக்கல. ஊர்ல அத்தனை வீட்டுக்கும் போய்க் கேட்டீங்க. இந்த வீட்ல கேக்கல."

எந்த இடம் என்று கேட்டார். குழாய்க்கு நேராக, சுவரில் மூன்றாவது தூணுக்குக் கீழே என்று அவள் அப்பா காட்டியிருந்தார். ஆனால் சாலையை அகலப்படுத்தியபோது அந்தச் சுவரை இடித்துச் சற்று உள்ளே தள்ளிக் கட்டினார்கள். தூண்கள் புதியவை. குழாயும் அப்போது இடம் மாறியது. அதன் பிறகு இத்தனை ஆண்டும் அவள் மாறிய குழாய்க்கு நேராகத்தான் நின்று கும்பிட்டு வந்திருக்கிறாள்.

மறுநாள் காலையில் சில்வெஸ்டர் நாடாவோடு போனார். பழைய சுவரின் அடித்தளம் எங்காவது தட்டுப்படுமா என்று சாலையோரம் குத்திப் பார்த்தார். மாநகராட்சிச் சாக்கடை அதை எப்போதோ தின்றுவிட்டிருந்தது. பழைய தூண்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பது எந்தத் தாளிலும் இல்லை. பிள்ளை புல்தரையில் இருக்கலாம், புதுச் சுவரின் அடியில் இருக்கலாம், பேருந்து ஓடும் தார்ச்சாலையின் அடியிலும் இருக்கலாம். அருகே நின்ற கோவிந்தப்பா, தன் தகப்பன் காலத்திலிருந்து அங்கே வைத்த கூசுகளுக்குக் கணக்கே இல்லை என்றார். அவர் பேசும் கன்னடத்தில் கூசு என்றால் கைக்குழந்தை. முன்பே ஏன் சொல்லவில்லை என்று சில்வெஸ்டர் கேட்டதற்கு, நீங்கள் பாறையையும் தண்ணீரையும்தானே சார் கேட்டீர்கள் என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

பேரவையை மறுபடி கூட்டச் சொன்னார். சுவரோரம் முழுவதையும் விட்டுவிட வேண்டும் என்று எழுந்து நின்று கேட்டுக்கொண்டார். காரணத்தையும் சொன்னார். அதைச் சொல்வதற்குள் அவருக்குச் சட்டை நனைந்துவிட்டது. டெஸ்மண்ட் இந்தத் தடவை சிரிக்கவில்லை. இடத்தைக் குறித்துக் கொடுங்கள் அங்கிள், அதை மட்டும் தொடாமல் விட்டுவிடுகிறோம் என்றார். குறித்துக் கொடுக்க இடம் இல்லை. முழுவதையும் விட்டால் அடுத்தது எது என்று டெஸ்மண்ட் மூன்று தாள்களையும் எடுத்து விளக்கின் மேல் வைத்தார். வெள்ளைக்கு அடுத்தபடி வெளிறித் தெரிந்தது தெற்கு மூலை. கல் கட்ட வசதியில்லாதவர்களின் குழிகள். எட்டு, ஒன்பது ஆண்டுதான் ஆகியிருந்தது.

மௌரீன் என்கிற பெண் பின்வரிசையிலிருந்து எழுந்தாள். பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்க்கிறவள். புருஷன் அந்தத் தெற்கு மூலையில் கிடந்தான்.

"அங்கிள், உங்களை எதிர்த்துப் பேசறேன்னு நினைக்காதீங்க. எங்க வீட்டுக்காரர் எலும்புகூட இன்னும் மண்ணாகியிருக்காது. தோண்டினா முழுசா வருவார். உங்க பிள்ளை முப்பது வருஷத்துக்கு முன்னாடி போனது. நீங்களே சொல்லுங்க, எதைத் தோண்டலாம்?"

வாழ்நாளில் எத்தனையோ நிலத்துக்கு நிறைகுறை சொன்னவர் அவர். எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்திய கணக்கும் அவருடையதே. அது தவறு என்று சொல்ல அவரிடம் வேறு கணக்கு இல்லை. உட்கார்ந்துவிட்டார்.

பங்குத்தந்தை ஒரு சலுகை செய்தார். தோண்டுவதற்கு முன் சுவரோரத்தை மந்திரித்துத் தருவதாகச் சொன்னார். அவ்வாறே தீர்த்தம் தெளித்து, செபம் சொல்லி, அந்தப் பட்டையைப் புனித மண்ணாக்கினார்கள். பிறர் அங்கே படுக்க வேண்டியிருந்ததால் அந்தக் குழந்தைகளுக்கும் அது கிடைத்தது. ஜூலியா முழந்தாளிட்டிருந்தாள். முடிந்து எழும்போது அவரிடம், இப்போதாவது செய்தார்களே என்றாள். அவள் குரலில் நன்றி இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அவரால் பிரிக்க முடியவில்லை.

அதன் பிறகு துக்க மணி அடித்தால் ஜூலியா அடுப்பை அணைத்துவிட்டுப் புறப்பட்டுவிடுவாள். இறந்தவர் யார் என்று விசாரிப்பதில்லை. பெட்டி வருவதற்கு முன், குழி வெட்டும்போதே அங்கே இருக்க வேண்டும் அவளுக்கு. கோவிந்தப்பா அள்ளிப் போடும் ஒவ்வொரு மண்வெட்டி மண்ணையும் குனிந்து பார்ப்பாள். சில்வெஸ்டரும் பின்னாலேயே போய் நிற்பார். செம்மண்ணும் வேரும் வந்தன. உடைந்த ஓட்டுச் சில்லுகள் வந்தன. சிசுக்களின் எலும்பை இந்த மண் மிச்சம் வைக்காதம்மா என்று கோவிந்தப்பா பலமுறை சொல்லிப் பார்த்தார். அவள் தலையசைத்துவிட்டு, தொடர்ந்து பார்ப்பாள். பீன்யாவில் தொழிற்சாலை வேலையிலிருந்த மகன் லாயிட், அம்மாவை அங்கே அழைத்துப் போகாதீர்கள் என்று தகப்பனிடம் சத்தம் போட்டான். நான் அழைத்துப் போகவில்லை, அவள் போகிறாள், நான் கூடப் போகிறேன் என்றார் அவர்.

வரிசை பாதியைத் தாண்டியிருந்தபோது, ஒரு மழைக்காலத்துக் காலையில், கோவிந்தப்பா மண்வெட்டியை நிறுத்தினார். இடுப்பளவு ஆழத்தில் நின்றவர் எதையோ பொறுக்கிச் சேற்றைத் துடைத்து மேலே நீட்டினார். துருப்பிடித்து மூடிய நிலையிலேயே இறுகிப்போன ஓர் ஊக்கு. துணியைச் சேர்த்துக் குத்துவது. வேறொன்றும் இல்லை.

ஜூலியா அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

"அப்பா ஊக்கு குத்தியிருப்பாரா?" என்றாள். "சுத்துனதை நான் பாக்கலயே. இது நம்மளுதா இருக்குமாங்க?"

அந்தப் பட்டையில் அவளுக்குத் தெரிந்த பெண்கள் எத்தனை பேரின் பிள்ளைகள் கிடந்தன என்று யாருக்கும் தெரியாது. எவர் வீட்டுத் துணியிலும் அந்த ஊக்கு இருந்திருக்கலாம். சில்வெஸ்டர் சுவரைப் பார்த்தார், குழாயைப் பார்த்தார்.

"நம்மளுதுதான்" என்றார்.

"அளந்து பாத்தீங்களா?"

"பாத்தேன். பழைய தூணுக்கு நேர் இங்கதான் வரும்."

அவள் அவர் முகத்தை நெடுநேரம் பார்த்தாள். முப்பத்துமூன்று ஆண்டு கூட வாழ்ந்தவளுக்கு அவர் அளந்து சொல்வது எப்படி இருக்கும், அளக்காமல் சொல்வது எப்படி இருக்கும் என்று தெரியாமல் இருக்காது. ஆனால் மறுபடி கேட்கவில்லை. ஊக்கைக் கோவிந்தப்பாவிடமே திருப்பிக் கொடுத்து, கிடந்த இடத்திலேயே வைத்து மண்ணைத் தள்ளச் சொன்னாள். அவரும் குழியின் அடியில் ஒரு பிடி ஆழம் தோண்டி அதை உள்ளே வைத்தார். அதற்குள் பெட்டி வாசலுக்கு வந்துவிட்டது. இருவரும் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

பிறகு மணி அடித்தால் ஜூலியா போவதில்லை. அந்த ஆண்டுக் கல்லறைத் திருநாளன்று அவர்கள் மெழுகுதிரியை அந்தக் குழியின் தலைமாட்டில் ஏற்றினார்கள். சிலுவையில் வேறொருவர் பெயர் இருந்தது. இறந்தவரின் மகள் பூக்கூடையோடு வந்து, நீங்கள் அப்பாவுக்குத் தெரிந்தவர்களா என்று கேட்டாள். சில்வெஸ்டர் ஆமாம் என்றார். அவள் தான் கொண்டுவந்த பூவில் பாதியை எடுத்து ஜூலியாவின் கையில் கொடுத்தாள்.