பியூலா கட்டிய பிளாஸ்டிக் எலுமிச்சை

வானகரம் மீன் சந்தையில் வஞ்சிரத்துக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஷெட்டில் வேலை பார்க்கும் தனசேகரின் அழைப்பு வந்தது. "அண்ணே, பியூலா மேடம் பூட்டாங்க. ராத்திரி தூங்கினவங்க எய்ந்திருக்கல." மீனையும் வாங்காமல், பையையும் அங்கேயே விட்டுவிட்டு கள்ளிக்குப்பத்தில் அவர் வீட்டுக்கு ஓடினேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் மாவு அரவை இயந்திரக் கம்பெனியில் வேலை பார்த்த எல்லோருக்கும் ஏற்றுமதிப் பிரிவு பியூலாவைத் தெரியும். அந்தச் சிரிப்பு ஷெட்டின் கடைசி வரை கேட்கும். ஆனால் தான்சானியா கதையை முழுதாக அறிந்தவர்கள் குறைவு. அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி எழுத எனக்குத் தெரியாது.

அப்போது எங்களுக்கு உள்ளூர் ஆர்டர் வற்றிப்போயிருந்தது. மக்காச்சோளம் அரைக்கும் இயந்திரங்கள் கேட்டு தான்சானியாவில் ஒரு பெண்கள் கூட்டுறவுச் சங்கம் முதல் ஆர்டர் கொடுத்தது. இதுவும் கைவிட்டுப் போனால் யூனிட்டை மூடிவிடுவேன் என்று முதலாளி சொல்லிவிட்டார். சரக்கு கிளம்பும் நேரத்தில் ஆயுத பூஜை வந்தது. நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ஒவ்வொரு இயந்திரத்துக்கும் எலுமிச்சையும் பச்சை மிளகாயும் கோத்துக் கட்டி, அப்படியே பெட்டியில் வைத்து ஆணி அடித்துவிட்டார்கள். கடல் தாண்டுவதற்குள் எல்லாம் அழுகிவிட்டது. தாவர நோய் வந்துவிடும் என்று அந்த நாட்டுத் துறைமுகத்தில் கன்டெய்னரை நிறுத்திவிட்டார்கள். அங்கே அறுவடை நெருங்கிக்கொண்டிருந்தது.

நான் தலையில் கைவைத்து உட்கார்ந்தேன். "இன்னா மேடம், எலுமிச்சம்பயத்துக்கும் விசா கேக்குறானுங்களா?" என்று தனசேகர் நொந்துகொண்டான். பழியைக் கப்பல் ஏஜென்ட் மேல் போடச் சொன்னார் முதலாளி. பியூலா மறுத்துவிட்டார்.

"பொய் சொன்னா இந்த கன்டெய்னர் வெளியே வரும் சார். அடுத்தது இங்கேருந்து போகாது."

சங்கத் தலைவி நீமாவை எங்கள் எதிரிலேயே போனில் அழைத்தார். புது மெஷினுக்குக் கண் படக்கூடாது என்று எங்கள் ஆட்கள் ஆசையாகக் கட்டியது, எடுக்க மறந்தது எங்கள் தப்பு என்றார். பிறகு இரண்டு பெண்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீமா நேரே துறைமுகத்துக்குப் போய் அதிகாரிகளிடம் பேசினார். அழுகியதை எடுத்து எரித்து, பூச்சி மருந்துப் புகை போட்டு, அறுவடைக்கு முன்னால் சரக்கை விடுவித்தார்கள். எங்கள் யூனிட்டும் பிழைத்தது.

மறுவாரமே பூந்தமல்லி கடைத்தெருவில் பியூலா ஒரு பை நிறைய பிளாஸ்டிக் எலுமிச்சையும் மிளகாயும் வாங்கி வந்தார். "சர்ச்சுக்குப் போறவங்க இத கட்டலாமா மேடம்?" என்று தனசேகர் சீண்டினான். "ஜெபம் என்னோடது, எலுமிச்சை உங்களோடது, மெஷின் அவங்களோடது. இதுல சண்டை எங்கே வந்துச்சு?" என்றார். அதுமுதல் ஒவ்வொரு மெஷினிலும் அதுதான் போனது. ஒருமுறை கட்ட மறந்து அனுப்பியதற்கு, ஒரு பாகம் குறைகிறது என்று நீமாவிடமிருந்து புகாரே வந்தது! தான்சானியத் தூதரகத்திலிருந்து எங்கள் கம்பெனிக்கு வந்த அதிகாரி ஒருவர், இருநாட்டு உறவு பற்றி நீளமாகப் பேசினார். முடித்ததும் பியூலா அந்த எலுமிச்சைக் கயிற்றைக் காட்டி, "உறவு இதுலதான் சார் தொங்குது" என்றார். மனுஷர் கோட்டைக் கழற்றிவிட்டுச் சிரித்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் நீமாவுக்குச் சொன்னேன். நெடுநேரம் அழுதார். பிறகு சொன்னார்: "இனிமேல் வரும் ஒவ்வொரு பெட்டியிலும் ஒன்று குறையத்தான் போகிறது. ஆனாலும் எலுமிச்சையை நிறுத்திவிடாதீர்கள்."

பியூலாவின் மேஜையில் மிச்சமிருந்த பிளாஸ்டிக் எலுமிச்சைகளை அந்த வாரம் போன கன்டெய்னருக்கு நானே கட்டினேன். இதையெல்லாம் கேலி செய்துகொண்டிருந்த ஆள் நான். தப்பு நடந்தால் முதலில் போனை எடுத்து உண்மையைச் சொல்வது என்ற பியூலாவின் பழக்கத்தை இனி என்னுடையதாக வைத்துக்கொள்கிறேன். கூடவே ஒரே ஒரு எலுமிச்சையையும். அதை என் ஸ்கூட்டரில் மாட்டியிருக்கிறேன்.

தனசேகர் பார்த்துவிட்டுக் கேட்டான்: "இன்னாண்ணே, உங்க வண்டியும் எக்ஸ்போர்ட்டா?"

பியூலா இருந்திருந்தால் அந்தச் சிரிப்பு ஷெட்டின் கடைசி வரை கேட்டிருக்கும்.