இரண்டு ப்யிட்

ஒரு பெண்மணி என்னை நம்ப மறுத்தார். அதற்காக இன்றும் அவரை மனதாரக் கும்பிடுகிறேன். அன்றைக்கு என்னவோ அவரைத் திட்டாத திட்டில்லை.

ஊருக்குள் அலோன் பகுதியில் ஒரு கிடங்குக்குக் காவலர் வேலை கிடைத்திருந்தது. கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளும் உரிமம் மட்டும்தான் பாக்கி. மற்றவர்கள் அதற்கு இரண்டு வாரம் பயிற்சி எடுக்க வேண்டும். முன்னாள் பட்டாளத்தாருக்கும் போலீஸாருக்கும் விலக்கு உண்டு. பயிற்சியாளர் முன்னால் ஒரு தடவை சுட்டுக் காட்டினால் அவர் கையெழுத்துப் போட்டுவிடுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துவிடுவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு இன்சீனிலிருந்து பஸ் ஏறினேன். இருபத்திரண்டு வருடம் பர்மியப் பட்டாளத்தில் இருந்தவன் நான். அதை யாரிடமும் சொல்லத் தயங்கியதில்லை. அதில் இருபது வருடம் லாரிக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்த்துக் கிடந்தேன் என்பதைத்தான் சொல்வதில்லை.

மிங்கலாடோன் பக்கம் இருந்த சுடுதளத்தில் பயிற்சி கொடுத்தவர் போலீஸில் இருந்து ஓய்வு பெற்ற பெண்மணி. எல்லோரும் அவரை சயாமா என்றார்கள். டீச்சரம்மா என்று அர்த்தம். என்னோடு விலக்குக் கேட்டு வந்தவர் ஒரு முன்னாள் கான்ஸ்டபிள். சயாமா ஆளுக்கொரு துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். குண்டு போட்டதுதான் என்று நினைத்துக்கொண்டோம். இருவருமே திறந்து பார்க்கவில்லை.

காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு நின்றோம். என் குறிப்பலகையில் காகிதம் கழன்று தொங்கியது. அதைச் சரிசெய்ய சயாமா முன்னால் போனார். பலகைக்குப் பின்னால் குனிந்துகொண்டு, நான் சொல்லும் வரை பொறுங்கள், சரியா என்று பர்மியத்தில் சத்தமாகக் கேட்டார்.

"ப்யிட்டே!" என்று நான் பதிலுக்குக் கத்தினேன். சரி என்றுதான் சொன்னேன்.

பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் துப்பாக்கியைத் தூக்கி விசையை இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம் மட்டும் வந்தது.

சயாமா பலகைக்குப் பின்னாலிருந்து மெதுவாக நடந்து வந்தார். கான்ஸ்டபிளுக்கு முகத்தில் ரத்தமே இல்லை. இவர்தான் சுடு என்றார் என்று என்னைக் கை காட்டினார். நான் எங்கே சொன்னேன் என்று எகிறினேன். சயாமா என் பக்கம் திரும்பினார். பிறகு தமிழில் பேசினார்.

"அண்ணே, எங்கப்பாவும் தமிழருதான். அவரும் இப்படித்தான் சொல்வாரு. உங்க நாக்குக்கு ரெண்டு ப்யிட்டும் ஒண்ணுதானே?"

பர்மியத்தில் மூச்சை ஊதிச் சொன்னால் அது 'ஆகும், சரி'. ஊதாமல் சொன்னால் 'சுடு'. தமிழில் இரண்டுக்கும் ஒரே ப. பட்டாளத்தில் லாரி இரைச்சலுக்கு நடுவே என் உச்சரிப்பை யார் கேட்டார்கள்? கான்ஸ்டபிளின் பஞ்சு அடைத்த காதில் 'ப்யிட்' மட்டும் விழுந்திருக்கிறது.

எங்கள் இருவரின் காகிதங்களையும் கையெழுத்தில்லாமல் திருப்பிக் கொடுத்தார்.

"நாளைக்கு வாங்க. முதல் பாடத்துலேர்ந்து."

"சயாமா, நான் இருபத்திரண்டு வருசம் பட்டாளத்துல..."

"தொறந்து பாத்தீங்களா அண்ணே?"

காகிதத்தை மடித்துக்கொண்டு கிளம்பினேன். வீட்டுக்கு வந்து தட்டை நகர்த்திவிட்டு, ஒரு பொம்பளை என்னை மட்டம் தட்டிவிட்டாள் என்று குதித்தேன். மனைவி முழுக் கதையையும் கேட்டாள். "அந்தம்மா உயிரோட இருக்காங்கள்ல? நாளைக்குப் போங்க" என்றாள்.

போனேன். துப்பாக்கியைக் கண்ணால் பார்த்திராத கடைக்காரர்களோடு உட்கார்ந்து பாடம் கேட்டேன். கையில் வாங்கியதும் திறந்து பார்க்க வேண்டும். யாராவது முன்னால் போகிறார் என்றால் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு அடி பின்னால் வர வேண்டும். சரி என்பதற்கு வாயைத் திறக்கக் கூடாது, கையைத் தூக்க வேண்டும். இந்தக் கடைசி விதி என் ஒருவனால் வந்தது. கடைக்காரர்கள் என்னைக் கிண்டல் செய்தே அதைக் கற்றுக்கொண்டார்கள். இதற்கிடையில் அலோன் வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அன்றைக்கு வருத்தப்பட்டேன். ஆனால் ஏழாம் நாளிலேயே எனக்கு ஒன்று புரிந்திருந்தது: அந்தக் கையெழுத்து முதல் நாளே கிடைத்திருந்தால், ஒன்றும் தெரியாத ஒருவன் இடுப்பில் துப்பாக்கியோடு இந்த ஊருக்குள் நடமாடியிருப்பான்.

கடைசி நாள் சயாமா என் காகிதத்தை மேசையில் விரித்தார். அன்றைக்கு எங்களிடம் ஏன் வெறும் துப்பாக்கியைக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். பேனா அப்படியே நின்றது.

"எனக்கும் ஒரு காலத்துல விலக்குக் கொடுத்துட்டாங்க அண்ணே. போலீஸ்ல இருந்தவதானேன்னு யாரும் ஒண்ணும் கேக்கல. நானும் தொறந்து பாக்காமலே விசையை இழுத்தேன். அப்போ பலகைக்குப் பின்னால என் சிநேகிதி நின்னுக்கிட்டிருந்தா."

கையெழுத்துப் போட்டு நீட்டினார். நான் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன்.